அணில் மேல் ஒரு எஃப்.ஐ.ஆர்.

அணிலைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. சாதாரணக் குற்றவாளியா அது? சர்வதேசக் குற்றவாளி. 1987 டிசம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டிரம்புல் என்ற ஊரில் ஓர் அணில் மின்சாரத்தில் கை வைத்தது. நாஸ்டாக் பங்குச் சந்தையின் கணினிகள் 82 நிமிடம் படுத்துவிட்டன. 1994 ஆகஸ்டில் அதே சந்தை, இன்னோர் அணில். இந்த முறை 34 நிமிடம். ஏழு வருடத்தில் உலகின் பணக்காரச் சந்தைகளில் ஒன்று கற்றுக்கொண்ட பாடத்தின் மொத்த மதிப்பு 48 நிமிடம்.

நம் ஊருக்கு வருவோம். 2021 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் அடிக்கடி கரண்ட் போனது. ஏன் என்று கேட்டார்கள். பராமரிப்பு இல்லாமல் செடிகொடிகள் வளர்ந்து கம்பியைத் தொடுகின்றன, அவற்றின் மேல் அணில்கள் ஓடும்போது கம்பிகள் ஒன்றோடொன்று உரசி மின்தடை வருகிறது என்றார் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி. சென்னையில் கேபிள் பூமிக்கடியில் அல்லவா போகிறது, அணில் அங்கேயும் இறங்கிவிட்டதா என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் கேட்டார். மீம் போடுகிறவர்களுக்கு அந்த வாரம் ஓய்வே இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். இலங்கைத் தீவு முழுக்க மின்சாரம் போய்விட்டது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டுவிட்டது என்று அறிவித்தார் மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி. ஒரு குரங்கு, ஒரு தேசம். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் சேர்ந்து நின்றுபோனதால் அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வேறு. இந்தக் குரங்குக்கும் ஒரு முன்னோடி உண்டு. 2016 ஜூனில் கென்யாவின் கிடாரு மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியின் மேல் விழுந்து நாட்டையே இருட்டாக்கியது.

ராமருக்குப் பாலம் கட்டிக் கொடுத்த கூட்டணி இது என்பதை நினைக்கும்போதுதான் மனசு கொஞ்சம் கஷ்டப்படுகிறது. குரங்கு கல் தூக்கியது, அணில் மணல் சுமந்தது. டெண்டர் இல்லை, முன்பணம் இல்லை, செலவு உயர்வு இல்லை, பாலம் நின்றது. இன்று பாக்கு நீரிணையின் இந்தக் கரையில் அணில் குற்றவாளி, அந்தக் கரையில் குரங்கு குற்றவாளி. அமைச்சர்கள் மட்டும் இரு கரையிலும் நிரபராதிகள்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமைச்சர்கள் பொய் சொல்லவில்லை. அணில் கம்பியில் ஓடினால் கரண்ட் போகும்; அமெரிக்க மின் நிறுவனங்கள் வருடா வருடம் அழுகிற அழுகை அது. குரங்கு தொட்டாலும் போகும். மழை பெய்தால் போகும், காற்றடித்தால் போகும், ரோடு தோண்டுகிற ஜேசிபி ஒரு தட்டுத் தட்டினால் போகும். கரண்ட் என்று ஒன்று வந்த நாளிலிருந்து அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. எரிச்சல் அதில் இல்லை. கரண்ட் போகும்போது உங்கள் பென்ஷன், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் ஏன் கூடவே போகின்றன? அதைத்தான் கேட்கிறேன். கம்பியில் ஓடின அணில் சர்வருக்குள் புகுந்து கோப்பைத் தின்றதா?

ஓர் அரசு அலுவலகம். பெயர் வேண்டாம், நீங்கள் நினைக்கிற அலுவலகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேஜைக்கு அடியில் ஒரு யூபிஎஸ் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் இன்னும் அழியவில்லை. அதன் மேல் ஒரு குடை, பக்கத்தில் சாப்பாட்டுப் பை. பின்பக்கம் கணினி செருகியிருக்கிறது. லேசர் பிரிண்டரும் செருகியிருக்கிறது. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்சில் மாட்டாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கிற கரண்டை யூபிஎஸ் தாங்காது என்று அதன் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். பெட்டியை யார் படித்தார்கள்? மிச்சமிருந்த ஓட்டையில் இரண்டு செல்போன் சார்ஜர், ஒரு கொசு பேட்.

உள்ளே இருப்பது அடைத்த லெட் ஆசிட் பேட்டரி. நல்ல குளிர்ச்சியான அறையில் மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நம் சித்திரை வெயிலில், ஃபேன் காற்று கூடப் படாத மேஜையடியில், அது எப்போதோ சிவலோகப் பதவி அடைந்துவிட்டது. சாகும் முன் வாயில்லா ஜீவனாகக் கத்தியும் பார்த்தது. பீப், பீப், பீப். ஒரு நாள் கத்தியது, இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் ‘தலைவலி’ என்று ஒருவர் குனிந்து முன்பக்கப் பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றது. பிரச்சினை தீர்ந்தது. புது பேட்டரி ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்று ஒரு பதில். மூன்று கடிதத்துக்கான தாளும் டோனரும் அதே லேசர் பிரிண்டரில் செலவானது.

இன்னொரு சங்கதி. யூபிஎஸ்சோடு ஒரு மெல்லிய ஒயர் வரும். அதைக் கணினியில் செருகினால், கரண்ட் போய் பேட்டரி தீரும் தறுவாயில் யூபிஎஸ் கணினிக்குச் சொல்லும். கணினி தானாகவே கோப்புகளை மூடி, ஒழுங்காக அணையும். யூபிஎஸ் இருப்பதே இதற்காகத்தான். பத்து நிமிடம் கூடுதலாக வேலை பார்க்க அல்ல, பத்து நிமிடத்துக்குள் ஒழுங்காக எழுந்து போக. அந்த ஒயர் பீரோவின் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், வாரண்டி அட்டையோடு பத்திரமாக இருக்கிறது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு எண்ணும் உண்டு. தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்த்து ‘சரி’ போட்டுவிட்டுப் போவார்.

கரண்ட் போகிறது. யூபிஎஸ் ஒரு முனகல் முனகிவிட்டு அணைகிறது. கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டி.

“போன வாரமே எல்லாம் எழுதிக்கிட்டீங்களே தம்பி?”

“ஏத்தினோம் பாட்டி. கரண்ட் போயி அழிஞ்சுபோச்சு. ஜெராக்ஸ், போட்டோ ரெண்டு, எல்லாம் திரும்பக் கொண்டாங்க.”

“போட்டோவுக்கு மறுபடி காசு கேப்பானே.”

“நான் என்ன பாட்டி பண்ணட்டும்? சர்வர் டவுன்.”

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. பாதிப் பேருக்கு வேலையே நிரந்தரம் கிடையாது. ஒப்பந்தக் கூலி, அதிலும் இரண்டு மாத பாக்கி. என் கோபமெல்லாம், பாட்டியின் பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் போட்டோ செலவும் எந்த நஷ்டக் கணக்கிலும் ஏறாமல் போகிறதே, அதன் மேல்தான். ஆயிரம் ரூபாய் பேட்டரி வாங்காமல் அரசு மிச்சம் பிடித்ததாகப் பதிவாகும். அந்த மிச்சத்தை ஊரில் உள்ள கிழவிகள் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கரண்ட் போனால் எழுதியது ஏன் அழிய வேண்டும் என்று ஒரு படித்தவரைக் கேட்டேன். “கம்ப்யூட்டர்னா அப்படித்தான் சார்” என்றார். அப்படித்தான் இல்லை சார். நீங்கள் ‘சேவ்’ அழுத்தியதும் எழுத்து நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. கொஞ்ச நேரம் நினைவகத்தில் நிற்கும், பிறகு டிஸ்க்கின் சொந்த நினைவகத்தில் நிற்கும், அப்புறம்தான் தட்டில் பதியும். நடுவில் கரண்ட் போனால் ஒரு பக்கத்தில் பாதி புதிது, பாதி பழையது. இந்தக் கண்டத்தைத் தாண்ட வழி கண்டுபிடித்துப் பல வருடமாகிறது. பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை செய்த காரியம்தான்: முதலில் நாள்வழியில் எழுது, பிறகு பேரேட்டில் ஏற்று. பேரேட்டில் ஏற்றும்போது விளக்கு அணைந்தால் நாள்வழியைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொள்ளலாம். தரவுத்தளங்களும் இப்படி முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் அசல் பக்கத்தைத் தொடும்.

பாதியில் விழுந்த தரவுத்தளத்தைத் தூக்கி நிறுத்தும் முறைகளில் உலகம் முழுக்கப் பேர்போனது ஏரீஸ். அதை 1992இல் விரிவான கட்டுரையாக வெளியிட்ட ஐபிஎம் ஆய்வாளர் குழுவின் தலைவர் சி. மோகன், சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர். வங்கிகளும் விமான நிறுவனங்களும் அந்த முறையின் வாரிசுகளை நம்பித்தான் கடை நடத்துகின்றன. கிண்டிப் பக்கம் படித்துவிட்டுப் போனவர் உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த வித்தை, முப்பது வருடம் கழித்தும் நம் அலுவலகக் கவுண்ட்டருக்கு வந்து சேரவில்லை. அங்கே தகவல் எக்செல் ஷீட்டில் கிடக்கிறது. ஷீட்டின் பெயர் ‘ஃபைனல்’. அதற்குப் பக்கத்தில் ‘ஃபைனல் நியூ’. அதற்கும் பக்கத்தில் ‘ஃபைனல் நியூ 2 ஒரிஜினல்’.

சும்மா சொல்லக் கூடாது, கணினியும் சில சமயம் அரசாங்க புத்தியைக் காட்டியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்கள் 2018இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து அரண்டுபோனார்கள். டிஸ்க்கில் பதிந்துவிட்டதா என்று லினக்ஸ் இயங்குதளத்தைக் கேட்டால், தோற்றுப்போன முதல் தடவை ‘இல்லை’ என்று சொல்லும். சரி, மறுபடி முயல்வோம் என்று இரண்டாம் தடவை கேட்டால் ‘ஆச்சு’ என்று சொல்லிவிடும். பதிந்திருக்காது, பதியாத பக்கத்தைப் பதிந்ததாகக் குறித்துக்கொண்டு கோப்பை மூடியிருக்கும். தாலுகா அலுவலகத்தில் பயிற்சி பெறாமல் இந்தச் சாமர்த்தியம் வராது. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? பல வருடமாக நாங்கள் நம்பியது தவறு என்று ஊரறியச் சொன்னார்கள், திருத்தினார்கள். பதியவில்லை என்று தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு, பதிவேட்டைப் பார்த்து மீண்டு எழ வேண்டும் என்று மாற்றி எழுதினார்கள். விசாரணைக் கமிஷன் கேட்டு யாரும் உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருக்கவில்லை.

‘எல்லாம் நம் ஏழை நாட்டு அவலம், வெளிநாட்டைப் பாருங்கள்’ என்று ஒரு கோஷ்டி கிளம்பும். பார்ப்போம். தென் கொரியாவையே பார்ப்போம். செல்போனும் சில்லும் பேட்டரியும் செய்து உலகத்துக்கு விற்கிற நாடு.

2025 செப்டம்பர் 26, இரவு எட்டே கால் மணி வாக்கில். தேஜான் நகரில் அரசின் தேசியத் தகவல் வள மையம், ஐந்தாவது மாடி. அங்கே சர்வர்களைக் காப்பாற்ற வைத்திருந்த யூபிஎஸ்சின் லித்தியம் பேட்டரிகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் மாற்றினார்கள்? சர்வருக்குப் பக்கத்தில் பேட்டரி இருந்தால் தீ விபத்து வரலாம் என்று. வந்தது. மாற்றும்போதே வந்தது. 384 பேட்டரிகள் எரிந்தன. தீயை முழுதாக அணைக்க 22 மணி நேரம். பத்து வருட உத்தரவாதக் காலம் தாண்டிய பேட்டரிகள் அவை. பிரதான மின்சாரத்தை நிறுத்தியவர்கள் துணை பேட்டரிகளின் இணைப்பை நிறுத்தவில்லை என்றும், வேலை உள் ஒப்பந்தத்தில் கைமாறியிருந்தது என்றும் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. உள் ஒப்பந்தம் என்றதும் உங்களுக்கு ஏதோ சொந்த ஊர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

முதல் கணக்கில் 647 அரசுச் சேவைகள் நின்றன. எண்ணி முடித்தபோது 709. தபால் நிலைய வங்கி நின்றது. செல்போன் அடையாள அட்டை நின்றது. சுடுகாட்டில் தகனத்துக்கு இணையத்தில் இடம் பிடிக்கிற சேவையும் நின்றது. சாவதற்கும் சர்வர் வேண்டியிருக்கிற காலத்தில் நிம்மதியாகச் சாகக்கூட முடியாது போலிருக்கிறது.

உச்சக் காட்சி இனிமேல்தான். ‘ஜி டிரைவ்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள், அரசு ஊழியர்களுக்கான மேகக் கிடங்கு. வேலைக் கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்காதே, ஜி டிரைவில் மட்டும் வை என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தலே இருந்தது. நல்ல பிள்ளைகளாக வைத்தார்கள். 858 டெராபைட் சேர்ந்தது. அத்தனையும் எரிந்தது. வெளியே பிரதி கிடையாது. ஏன் கிடையாது? கொள்ளளவு மிகப் பெரியது, பேக்கப் எடுக்க முடியாத அமைப்பு என்று பதில் வந்தது. பொக்கிஷம் ரொம்பப் பெரியது, அதனால் பூட்டு வாங்கவில்லை.

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 டெராபைட் ஹார்டு டிஸ்க் இன்று விலைக்குக் கிடைக்கிறது. 43 வாங்கினால் 858 டெராபைட்டுக்கு ஒரு பிரதி வைக்கலாம். ஒரு சாதாரண பீரோவில் இரண்டு தட்டு போதும். ‘அவ்வளவு எளிதல்ல, அதற்கு வேகம் வேண்டும், மென்பொருள் வேண்டும்’ என்று நிபுணர்கள் பாய்வார்கள். சரி ஐயா, இரண்டு பீரோ வாங்குங்கள். பத்து மடங்கு செலவு செய்யுங்கள். சாம்பலை விட மலிவுதான்.

இத்தனைக்கும் முன்னெச்சரிக்கை இல்லாமல் வந்த ஆபத்தா? 2022 அக்டோபரில் இதே நாட்டில் பாங்யோ தரவு மையத்தில் பேட்டரி அறையில் தீப்பிடித்து, நாடே பயன்படுத்துகிற ககாவ் டாக் என்ற செய்திச் செயலி முடங்கியது. செயலியை நடத்தும் நிறுவனத்தின் இணைத் தலைமை அதிகாரி பதவி விலகினார். எல்லாரும் தனியார் நிறுவனத்தைக் காய்ச்சி எடுத்தார்கள். அரசு மையத்தின் அன்றைய தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? தேஜான் மையம் மொத்தமாக எரிந்தாலும் மூன்று மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்றார். எரிந்தது. மீட்க வாரக்கணக்கில் ஆனது. அந்த மூன்று மணி நேரம் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறதோ, அதற்கும் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும்.

இலங்கைக்கு மறுபடி போக வேண்டும், இந்த முறை குரங்கு இல்லாமல். 2023 ஆகஸ்ட் 26. ‘லங்கா அரசாங்க மேகம்’ என்ற அரசுச் சேவையில் பணம் பறிக்கும் வைரஸ் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. 2014இல் போட்ட, காலாவதியான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. புதுப்பிக்க நிதி இல்லை என்று தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். பேக்கப் இருந்ததா? இருந்தது! அதே வலையமைப்பில், அதே வைரஸின் கைக்கெட்டும் தூரத்தில். வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டியது. தனியே எடுத்து வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயே போய்விட்டன. ஒரு அரசாங்கத்தின் நூறு நாள் ஞாபகம். இனிமேல் தினமும் தனிப் பிரதி எடுப்போம் என்று பிறகு அறிவித்தார்கள். எல்லா நாட்டிலும் அந்த ‘இனிமேல்’ சவ அடக்கத்துக்கு மறுநாள்தான் பிறக்கிறது.

விபத்து நடந்ததும் மேலிடத்துக்கு வருகிற முதல் சந்தேகம், யார் தலையில் கட்டலாம் என்பது. அணில் கிடைத்தால் அணில், குரங்கு கிடைத்தால் குரங்கு, இரண்டும் கிடைக்காவிட்டால் கடைசி வரிசை ஊழியர். 2017 மே மாதக் கடைசியில், நீண்ட வாரயிறுதி விடுமுறையில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரவு மையத்தில் மின்சாரம் நின்று, திரும்ப வந்தபோது தாறுமாறாகப் பாய்ந்து கருவிகளைக் கெடுத்தது. 75,000 பயணிகள் விமான நிலையங்களில் சூட்கேஸ் மேல் படுத்தார்கள். ஒரு பொறியாளர் மின் இணைப்பைத் துண்டித்ததுதான் காரணம் என்று தாய் நிறுவனத் தலைவர் விளக்கினார். ஒருவர் கை பட்டால் ஒரு விமான நிறுவனமே விழும்படி கட்டிவைத்தது யார் கை? அந்தக் கைக்குப் பெயர் வரவில்லை.

மாறாக, கிட்லேப் என்ற நிறுவனம். 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து அசல் தரவையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. பேக்கப் தோற்றுவிட்டது என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்தப் பொறியாளர் அன்று வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய பிரதி ஒன்றுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. வெட்கக்கேடுதான். ஆனால் அந்த வெட்கக்கேட்டை மீட்பு வேலையோடு சேர்த்து யூடியூபில் நேரலையில் காட்டினார்கள். ஊழியரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. எங்கே தவறினோம் என்று பத்தி பத்தியாக எழுதி வெளியிட்டார்கள். நம் பக்கம் இப்படி ஒரு அறிக்கை வந்தால், அதை வெளியிட்ட அதிகாரிக்கு மறுநாள் காலை காத்திருப்போர் பட்டியலில் இடம் நிச்சயம்.

பேக்கப் ஏன் நம் நாட்டில் அநாதை என்பதற்குக் காரணம் ரொம்ப எளிது. அதற்குத் திறப்பு விழா கிடையாது. மென்பொருளுக்கு உண்டு: மேடை, பொன்னாடை, ஒரு பொத்தான், பொத்தானை அழுத்துகிற விரல், விரலைப் படம் பிடிக்க இருபது கேமரா. ‘இன்று இரவு தரவை வேறோர் ஊருக்குப் பிரதி எடுத்தோம், நாளை காலை அதைத் திருப்பி ஏற்றிச் சரிபார்த்தோம்’ என்பதற்கு எவன் கல்வெட்டு வைப்பான்? வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு வாக்குக் கேட்க முடியாது. ஆகவே டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போகிறது, குறைந்த விலையில் முதலில் கழன்று விழுவது பேட்டரி, அடுத்து பேக்கப். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கிற கோப்பு அக்டோபரில் நகர்கிறது. நடுவில் ஏழு மாதம் முழுச் சேவையும் அணிலின் நல்லெண்ணத்தில் ஓடுகிறது.

அதற்கும் மேல் ஓர் அருவருப்பு இருக்கிறது. தரவு தொலைந்தால் எல்லாருக்கும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். சில கோப்புகள் தொலைவதற்காகவே பிறக்கின்றன. பழைய காலத்தில் அதற்கு ஒரு தீக்குச்சியும் அறிக்கையில் எழுத ‘மின்கசிவு’ என்ற காரணமும் வேண்டியிருந்தது. இப்போது அந்தச் செலவும் இல்லை. செத்த பேட்டரி ஒன்றை மாற்றாமல் விட்டால் போதும். எந்த அலுவலகத்தில் எது நடந்தது என்று நான் சொல்லவில்லை. பிரதி வைக்காத இடத்தில் விபத்துக்கும் வேண்டுமென்றே செய்ததற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன். சிலருக்கு அது ரொம்ப வசதி.

மூன்று பிரதி வை, இரண்டு விதமான ஊடகத்தில் வை, ஒன்றையாவது வேறு ஊரில் வை. கணினிக்காரர்கள் வருடக்கணக்காகக் கத்துகிற பாடம் இவ்வளவுதான். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் மாட்டிவிட்டு ‘ரெய்டு போட்டிருக்கிறோம் சார்’ என்கிறவரை நம்பாதீர்கள். பெட்டி எரிந்தால் இரண்டும் எரியும். திருப்பி ஏற்றிப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல. இதைப் புரிந்துகொள்ள எம்.டெக். வேண்டாம். வீட்டுப் பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து அக்கா வீட்டில் ஒன்று கொடுத்து வைக்கிற எந்த அம்மாவுக்கும் இது தெரியும். தெரியாதது அவளுடைய பட்டாவை வைத்திருக்கிற அரசாங்கத்துக்கு மட்டும்.

அடுத்த முறை ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்று கேட்டால் திரும்பி வராதீர்கள். பக்கத்திலேயே முத்திரைத்தாள் விற்கிறவர் இருப்பார். பத்து ரூபாய்க்கு ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இந்த அலுவலகத்தின் யூபிஎஸ் பேட்டரி கடைசியாக மாற்றப்பட்ட தேதி என்ன? பராமரிப்பு ஒப்பந்தம் இன்று நடப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தத் தேதியோடு முடிந்தது? தரவின் பிரதி எந்த ஊரில் இருக்கிறது? அந்தப் பிரதியிலிருந்து தரவைத் திருப்பி ஏற்றிக் கடைசியாகச் சோதித்த பதிவேட்டின் நகல் வேண்டும். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கேதான் நாக்கு குழறும். இலங்கையிலும் 2016 முதல் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவர்கள் அங்கே கேளுங்கள்.

நம் ஊரில் பதில் தர அவர்களுக்கு 30 நாள். பதிலே வராவிட்டாலோ, ‘கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று வந்தாலோ, முதல் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு 30 நாள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.